பித்தளைப் பரிமாறும் கரண்டியில் கறுப்பு, களிம்பு, கீறல்: வீட்டிலேயே சரிசெய்யலாம்

பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் ஆறு பித்தளைக் கரண்டிகள் உண்டு. கைப்பிடியில் மயிலும் கொடியுமாகப் பூவேலை. பண்டிகைப் பந்திக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும். இந்தப் பொங்கலுக்கு எடுத்தால் அன்னவெட்டியில் கறுப்புத் திட்டு, குழிக்கரண்டியில் பச்சைக் களிம்பு. புதிதாக வாங்கிய ஒன்றிலோ மேல்பூச்சு வெங்காயத் தோல் போல உரிந்து நின்றது. மூன்றும் மூன்று விதக் குறை. எல்லாவற்றையும் ஒரே புளியில் போட்டுத் தேய்க்கப் போகாதீர்கள்.

முதலில் காந்தம். கரண்டியில் ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். அதற்குச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தேய்த்தால் முலாம் போய்விடும்.

அடுத்து, பூச்சு உரிந்த கரண்டி. கடையில் பளபளப்பு மங்காமல் இருக்க அடிக்கும் வார்னிஷ் பூச்சு அது. பாதி உரிந்தால் உரிந்த இடம் மட்டும் கறுக்கும், அதனால்தான் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா போட்டு, கரண்டியைப் பத்து நிமிடம் மூழ்க வையுங்கள். பூச்சு சவ்வாகக் கிளம்பி வரும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதைக் கறுக்கடிக்கும்.

இனிதான் புளி. நம் பக்கம் இதற்கா பஞ்சம்? சமையலுக்கு ஆகாத கறுத்த பழம்புளியே போதும். கொட்டை எடுத்தபின் மிஞ்சும் நாரும் கோதும் இன்னும் நல்லது, தனியாகத் தேய்ப்பான் தேவையில்லை. வெந்நீரில் நனைத்து, சிட்டிகை உப்பு சேர்த்து, மெதுவாகத் தேய்த்து, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். களிம்பு விடவில்லையென்றால் இன்னொரு முறை தேய்க்கலாம். ஊறப்போட மட்டும் கூடாது. நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக இரவு முழுக்க ஊறவிட்டேன், காலையில் கரண்டி செக்கச் செவேலென்று இருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு துத்தநாகத்தை முதலில் கரைத்துவிட்டால் செம்பு மேலே தெரியும். அந்தச் சிவப்பைச் சலித்த விறகுச் சாம்பலால் தேய்த்து எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. செங்கல் தூள் இன்னும் வேகமாக எடுக்கும், ஆனால் கீறல் விழும்.

பூவேலைக்குப் பழைய டூத்பிரஷ். ஆனால் பள்ளத்துக் கறுப்பை முழுக்க எடுக்காதீர்கள். மேடு மின்னி, பள்ளம் கறுத்திருந்தால்தான் மயில் மயிலாகத் தெரியும். அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டார், "பள்ளத்திலயும் பளபளன்னு இருக்கணும்" என்பார். களிம்பு மட்டும் எங்கேயும் மிஞ்சக் கூடாது, அது வயிற்றுக்கு ஆகாது. வார்ப்புக் கைப்பிடியில் ஊசித்துளைகள் இருந்தால் புளி அதற்குள் தங்கி மறுபடி பச்சை பூக்கும், அங்கே நன்றாக அலசுங்கள். மெல்லிய கீறலை அப்படியே விடலாம். நெளிந்த வார்ப்புக் கைப்பிடியை நிமிர்த்தப் பார்த்தால் உடையும்.

குழியில் ஈயம் பூசியிருந்தால் அங்கே புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். மங்கிய சாம்பல் நிறம் ஈயத்தின் இயல்பு, அது குறையல்ல. மஞ்சள் எட்டிப் பார்த்தால்தான் மறுபடி பூசவேண்டும். அப்போது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் விஷம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அதனால் ஈரம் காய அடுப்புத் தீயில் காட்டாதீர்கள். பூசாத கரண்டியைப் புளிக்குழம்பிலோ தயிரிலோ போட்டு வைக்காதீர்கள்.

கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படியும். குழாயில் ஒகேனக்கல் குடிநீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். உடனே பருத்தித் துணியால் துடைத்து, அரைமணி வெயில் காட்டி, கைப்பிடியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். பரிமாற எடுக்கும் நாளில் சோப்புப் போட்டு ஒருமுறை கழுவிக்கொண்டால் போதும்.