வெள்ளெழுத்து வந்த கண்ணும் ரைஃபிள் குறியும்

நாற்பதைத் தாண்டியபின் ரைஃபிளின் முன்குறி, அதாவது குழல் முனையில் இருக்கும் குறிபார்க்கும் வளையம், மங்கத் தொடங்கியது. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் இலக்கு கரைந்துபோகும். ஒரே லென்ஸில் மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே போகும் புரொகிரெசிவ் கண்ணாடி இதற்குச் சுத்தமாக உதவாது; கன்னத்தை ரைஃபிளின் கட்டையில் பதித்ததும் கண் லென்ஸின் ஓரம் வழியாகத்தான் பார்க்கிறது.

கண்ணுக்கும் முன்குறிக்கும் உள்ள தூரத்தை அளந்து கண் மருத்துவரிடம் சொன்னேன். தூரப்பார்வைப் பவரோடு +0.50 டயாப்டர் மட்டும் கூட்டி, ஒற்றைப் பவர் லென்ஸ் எழுதித் தந்தார். முன்குறியின் வளையம் விளிம்பு தெளிந்து நின்றது. இலக்கு லேசாக மங்கல்தான், அது பரவாயில்லை. கூர்மையாகத் தெரியவேண்டியது முன்குறி.

அப்புறம் கண்ணுக்கு அருகே இருக்கும் பின்குறியின் துளையைச் சிறிதாக்கினேன். துளை சிறுத்தால் அருகும் தூரமும் சேர்ந்தே தெளியும், ஆனால் வெளிச்சம் குறையும். அதனால் மாலையில் ஒரு படி பெரிதாக்கிக்கொள்கிறேன்.