ஏழூர் வட்டத்தில் தனியாக ஒரு சுற்று நடை: முதன்முறை நடப்பவர்களுக்கு

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. இந்த ஆறுகளுக்கு நடுவே சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்ப நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பாலங்களை. அக்கரைக்குப் போனால் அதே ஆற்றை மறுபடியும் கடந்தாக வேண்டும். அடுத்த பாலம் வெகுதூரம் தள்ளி இருந்தால் அரைநாள் நடை முழுநாள் ஆகிவிடும்.

சித்திரைத் திருவிழாவில் ஐயாறப்பரின் பல்லக்கு திருவையாற்றில் புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் சென்று திரும்பும். அந்த ஏழூர்ப் பாதை முழுவதையும் முதல் நாளே நடக்க ஆசைப்பட வேண்டாம். கண்டியூர், வேதிகுடி, சோற்றுத்துறை என்ற முக்கோணம் தொடக்கத்துக்குப் போதும். சுமார் 10 கிலோமீட்டர்தான். காவிரியையோ குடமுருட்டியையோ கடக்க வேண்டியதில்லை.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைப்பாதையின் களிமண் செருப்பின் அடியில் அப்பிக்கொள்ளும். பத்தடிக்கு ஒருமுறை நின்று குச்சியால் சுரண்ட வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தனி நடை ஆபத்து. தை கடைசியும் மாசியும் அருமையான காலம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் தாளடிகளுக்கு நடுவே உளுந்து இலை விட்டிருக்கும், காலையில் பனி இறங்கும், பாதை காய்ந்து கெட்டியாக இருக்கும்.

படி 2: பாதையை வரைந்துகொள்ளுங்கள்

செல்பேசி வரைபடத்தைச் செயற்கைக்கோள் காட்சியில் பெரிதாக்கிப் பாருங்கள். வாய்க்கால் கரைகள் பாதை போலவே தெரியும். பல, ஒரு மதகோடு நின்றுவிடும். ஊர்ச்சாலையை முதன்மை வழியாக வையுங்கள். வரைபடத்தைப் பதிவிறக்கியும் வையுங்கள்.

படி 3: பையும் தகவலும்

இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம், புளிசாதம், குடை. வரப்பில் நிழல் கிடையாது என்பதால் தொப்பியைவிடக் குடையே மேல். பழகிய செருப்பைவிடப் பழகிய ஷூ நல்லது. நெருஞ்சியும் கருவேல முள்ளும் எங்கும் கிடக்கும். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தனியாகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. அவசரத்துக்கு 108.

படி 4: நடக்கத் தொடங்குங்கள்

தஞ்சையிலிருந்து திருவையாறு பஸ்ஸில் ஏறி, விடிந்ததும் கண்டியூரில் இறங்குங்கள். முதலில் தென்கிழக்கே வேதிகுடி, பிறகு சோற்றுத்துறை, கடைசியில் மேற்கே திரும்பிக் கண்டியூர். இந்த வரிசையில் போனால் ஏறும் வெயில் திரும்பும்போது முதுகில் விழும். மதியத்துக்கு முன் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலுக்குள் போக விரும்புபவர்கள் காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

வழி கேட்கும்போது "எவ்வளவு தூரம்?" என்று கேட்காதீர்கள். வண்டியில் போய்ப் பழகியவர் "இதோ பக்கம்தான்" என்பார். "ஐயா, நடந்து போனால் எவ்வளவு நேரம் ஆகும்? நடுவில் வாய்க்கால் குறுக்கிடுமா?" என்று கேளுங்கள். வயலில் வேலை செய்யும் அம்மாக்களுக்கு எந்த வரப்பு எங்கே போய்ச் சேரும் என்பது அத்துப்படி. சாலையில் நெல் காயப்போட்டிருந்தால் ஓரமாக ஒதுங்கிப் போங்கள்; ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் விலை போகாத நெல் அது. கரையோரப் புதரில் கண்ணாடி விரியன் இருக்கலாம். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வையுங்கள்.

படி 5: ஆற்றில் இறங்காதீர்கள்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறந்திருக்கும். நீர்வரத்தைப் பொறுத்துத் தேதிகள் மாறுவதும் உண்டு. கல்லணையில் திறக்கும் தண்ணீர் உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. வறண்டு கிடக்கும் ஆற்றிலும் மணல் அள்ளிய குழிகள் இருக்கும். குறுக்கு வழி எவ்வளவு சுருக்கமாகத் தெரிந்தாலும் பாலத்தில்தான் கடக்க வேண்டும்.

இந்த முக்கோணம் உடம்புக்குப் பழகியபின் திருவையாற்றிலிருந்து கிழக்கே திருப்பழனம் போய்வாருங்கள். அதற்கு அடுத்து இருப்பது திங்களூர். திருநாவுக்கரசர் பெயரில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகளின் ஊர். களைப்பாக இருந்தால் கும்பகோணம் சாலைக்கு வந்து பஸ் பிடித்துத் திரும்பிவிடலாம்.