பசும்பாறைப் பட்டை எவ்வளவு ஆழம்? ஈர்ப்பு அளவீட்டில் கண்டுபிடிக்கும் முறை

ஈர்ப்பு விசையின் மிகச் சிறு மாற்றங்களை அளக்கும் கருவியான கிராவிமீட்டர் தங்கத்தைக் காட்டாது. டன்னுக்குச் சில கிராம் தங்கம் இருந்தால் பாறையின் அடர்த்தி மாறிவிடாது. கருவி உணர்வது அந்தத் தங்கத்தைச் சுமக்கும் பசும்பாறைப் பட்டையின் (பழைய எரிமலைப் பாறைகள் நிறைந்த நீண்ட பட்டை) வடிவத்தைத்தான். கர்நாடகத்தின் கோலார், ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி போன்ற சுமார் 270 கோடி ஆண்டுப் பழைமையான பட்டைகளில் பெரும்பகுதி உருமாறிய பசால்ட். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.9 முதல் 3.0 கிராம். சுற்றியுள்ள கிரானைட், நைஸ் பாறைகளுக்கு 2.65 முதல் 2.75. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் முழு வேலையும்.

1. அடர்த்தி
புத்தகத்து எண்ணை நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள். பாறைத் துண்டு காற்றில் 590 கிராம், நீரில் தொங்கவிட்டால் 390 கிராம் என்றால், 590-ஐ 200-ஆல் வகுக்க 2.95. வெயிலும் மழையும் தின்ற மேல்தோல் குறைவாகக் காட்டும். உடைத்து உட்பகுதியை எடுங்கள்.

2. களம்
பட்டையைக் குறுக்காக வெட்டும் கோட்டில் அளவெடுங்கள். 4 கிலோமீட்டர் அகலப் பட்டைக்கு 200 மீட்டருக்கு ஒரு புள்ளி போதும்; ஆனால் கோடு இருபுறமும் கிரானைட்டுக்குள் இன்னும் 4 கிலோமீட்டராவது போகட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து அளக்க வேண்டும். கருவியின் ஸ்பிரிங் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதே காரணம்.

பலர் கோட்டைவிடுவது உயரத்தில். 1 மீட்டர் பிழை கிட்டத்தட்ட 0.2 மில்லிகல் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) ஆகிவிடும். கைபேசி ஜிபிஎஸ் 10 மீட்டர் தவறினால் 2 மில்லிகல். இல்லாத பட்டையே முளைத்துவிடும். டிஃபரென்ஷியல் ஜிபிஎஸ் (நிலையான இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பிழையைக் குறைக்கும் ஜிபிஎஸ்) கட்டாயம்.

3. திருத்தங்கள்
கருவி நகர்வு, கடல் ஏற்றவற்றம் போலத் தரையிலும் நிகழும் ஓத விளைவு, அட்சரேகை ஆகியவற்றைச் சரிசெய்த பிறகு, உயரத்துக்காக மீட்டருக்கு 0.3086 மில்லிகல் கூட்டுங்கள், அந்த உயரத்தில் உள்ள பாறையின் ஈர்ப்பை நீக்கும் பூகே திருத்தமாக (அடர்த்தி 2.67-க்கு) மீட்டருக்கு 0.1119 மில்லிகல் கழியுங்கள். மலைப்பகுதியானால் நிலவடிவத் திருத்தமும் வேண்டும். கடைசியில் கிடைத்த வரைபடத்தை உயர வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அச்சாகவோ தலைகீழாகவோ இருந்தால், குறி மாறியிருக்கிறது அல்லது அடர்த்தி தவறு.

4. பின்புலத்தை நீக்குதல்
இரு முனைகளின் கிரானைட் மதிப்புகளை நேர்கோட்டால் இணைத்துக் கழித்தால் போதும். உயர்படிப் பல்லுறுப்புக்கோவை (பலமுறை வளையும் கோடு) அழகாகப் பொருந்தும், கூடவே பட்டையால் வரும் ஈர்ப்பு மேட்டையும் விழுங்கிவிடும்.

5. ஆழம்
மிஞ்சிய மேடு 10 மில்லிகல், அடர்த்தி வித்தியாசம் 0.25 என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோமீட்டர் தடிமனும் 1 அடர்த்தி வித்தியாசமும் உள்ள பலகை 41.93 மில்லிகல் தரும்; எனவே 10 ÷ (41.93 × 0.25) = 0.95 கிலோமீட்டர். இது முடிவில்லாமல் பரந்த பலகைக்கான கணக்கு. குறுகிய பட்டை இதைவிட ஆழமாகத்தான் இருக்கும். எனவே இதைக் குறைந்தபட்ச மதிப்பாகக் கொண்டு இருபரிமாண மாதிரியைத் தொடங்குங்கள். மேட்டின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இறங்கினால், பெரும்பாலும் பட்டை சாய்வான பக்கம் நோக்கிக் கீழே போகிறது. சரிவு மிகக் கூடுதலான இடம் பட்டையின் விளிம்பு. தங்கம் தேடும் துளைகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய வெட்டுமண்டலங்கள் (பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்து சிதைந்த பகுதிகள்) அங்கே ஓட வாய்ப்பு அதிகம்.

பட்டையின் நடுவே ஈர்ப்பு வரைபடத்தில் திடீர்ப் பள்ளம் தெரிந்தால் உடனே கிரானைட் ஊடுருவல் என்று எழுதிவிடாதீர்கள். பாறையைவிட 0.8 அடர்த்தி குறைந்த சிதைவு மண் 30 மீட்டர் தடிமனாகப் பரவிக் கிடந்தாலே 1 மில்லிகல் குறையும். அந்த இடத்தில் மின்தடை அளவீடு செய்து மண்ணின் தடிமனைப் பார்த்துவிட்டு மாதிரியைத் திருத்துங்கள்.