பழைய அம்பாசிடருக்கு டீசல் என்ஜின்: கியர் பாக்ஸில் இருந்து தொடங்குங்கள்

பழைய காரில் டீசல் என்ஜின் ஏற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் என்ஜினை வாங்கிவிடுவார்கள். விலை படிந்திருக்கும், பட்டறை மூலையில் சாக்கு போட்டு மூடியும் வைத்திருப்பார்கள். கியர் பாக்ஸ் பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும். பணம் கரைவதும் அங்கேதான். பெல் ஹவுசிங் (என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறை) பொருந்தாது, கிளட்ச் பிளேட்டின் பல் சேராது, என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு இடம் இருக்காது. என்னைக் கேட்டால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்த கியர் பாக்ஸ் என்று முடிவான பிறகு, அதோடு ஒட்டி வரும் என்ஜினைத் தேடுங்கள்.

விளக்கத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1489 சிசி பெட்ரோல் என்ஜின், நான்கு கியர், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் லீவர் கொண்ட பழைய அம்பாசிடர். இந்துஸ்தான் மோட்டார்ஸே பின்னாளில் இதே வண்டியில் 1995 சிசி இசுசு டீசல் என்ஜினை ஐந்து கியர் பெட்டியோடு விற்றது. அதனால் கற்றுக்கொள்ள இது நல்ல உதாரணம். கணக்கு முறை எந்தப் பின்சக்கர இழுவை காருக்கும் பொருந்தும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி வண்டியில் இப்படிப்பட்ட மாற்றம் செய்ய முன் ஒப்புதல் தேவை. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பெட்ரோலை டீசலாக்கினால் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் எரிபொருள் மாறும், என்ஜின் எண் மாறும், காப்பீட்டிலும் எழுத வேண்டும். "எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்று பட்டறையில் சொல்வார்கள். விபத்து என்று ஒன்று வந்து காப்பீட்டுக்காரர் ஆர்.சி.யைக் கேட்கும்போது அந்த வாக்கியம் உதவாது. எழுத்தில் கேளுங்கள். அனுமதி இல்லை என்றால் காசாவது மிஞ்சும்.

படி 1: பழைய பெட்டியையே வைத்துக்கொள்ளலாமா?

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. பெட்ரோல் என்ஜினின் உச்ச முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும். டர்போ இல்லாத இசுசு டீசலிலும் அந்த எண் பெரிதாக உயர்ந்துவிடாது. தாளில் பார்த்தால் பழைய பெட்டியே போதும் போலத் தோன்றும்.

தாளில் வராத விஷயம் டீசலின் அடி. பழைய டீசலில் அமுக்க விகிதம் 20-க்கு மேல். நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்கின் (என்ஜினின் பிரதான ஷாஃப்ட்) ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. குறைந்த வேகத்தில் அந்த ஒவ்வொரு வெடிப்பும் கியர் பல்லில் சுத்தியல் போல விழும். போதாக்குறைக்கு, டீசல் கீழேயே இழுப்பதால் ஓட்டுகிறவர் கியரைக் குறைக்காமல் டாப்பிலேயே மேட்டில் ஏற்றுவார். பேரிங்குக்கும் பல்லுக்கும் அதைவிடக் கெடுதல் வேறில்லை. பழைய நான்கு கியர் பெட்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோவும் (கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும் வண்டி என்றால் சமாளிக்கலாம். நெடுஞ்சாலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டர்போ டீசல் பக்கம் போனால் யோசிக்கவே வேண்டாம். ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் 2000 ஆர்.பி.எம்.மிலேயே 190 நியூட்டன் மீட்டர் தரும். பழைய பெட்டி தாங்கப் பிறந்த அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தவிர அந்த என்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுப்பது. அதன் கியர் பாக்ஸுக்குள்ளேயே டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும், பின்சக்கர வண்டிக்கு ஆகாது.

படி 2: பின் ஆக்ஸிலின் விகிதத்தை நீங்களே எண்ணுங்கள்

கிரவுன்-பினியன் (பின் ஆக்ஸிலைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) விகிதம் தெரியாமல் கியர் பாக்ஸ் தேர்வு செய்ய முடியாது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை கை மாறிய வண்டியோ, உள்ளே எந்த கிரவுன் இருக்கிறது என்பதைப் புத்தகம் சொல்லாது.

சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். மற்ற பின்சக்கரம் தரையில் அசையாமல் நிற்கட்டும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, கியர் பாக்ஸில் இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் இருந்து ஷாஃப்டின் சுற்றை எண்ணட்டும். நாலரை சுற்று வந்தால் விகிதம் 4.5. ஒரு சக்கரம் நிற்கும்போது டிஃபரன்ஷியல் சுழற்சியைப் பாதியாக்கிவிடும், அதனால்தான் இரண்டு சுற்று. 20 சுற்று சுற்றி வந்ததைப் பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியம்.

அடுத்து டயர். வண்டியைக் கீழே இறக்கி, தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, உருண்ட தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

படி 3: எத்தனை கியர், எந்த விகிதம்

டயர் ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் உருள்கிறது, ஆக்ஸில் 4.5 என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1333 மீட்டர். அதை 2.05-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 650 சுற்று. 4.5-ஆல் பெருக்கினால் ஷாஃப்ட் 2927 சுற்று. நான்கு கியர் பெட்டியில் டாப் நேரடி கியர், அதாவது 1-க்கு 1. ஆகவே என்ஜினும் 2927.

பெட்ரோலுக்கு இது இயல்பான ஓட்டம். பழைய டீசலோ இந்த வேகத்தில் காதைப் பிளக்கும், டீசலையும் அதிகம் குடிக்கும். ஐந்தாவது கியர் 0.85 என்று இருந்தால் அதே 80-க்கு என்ஜின் 2488-இல் ஓடும். 100 கி.மீ.க்கு நேரடி கியரில் 3659, ஐந்தாவதில் 3110.

மறுபக்கத்தையும் பாருங்கள். கடைத்தெருவில் 40 கி.மீ.யில் போகும்போது ஐந்தாவதில் 1244-க்கு இறங்கிவிடும். அங்கே நான்காவதுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வழக்கமாகப் போகும் நெடுஞ்சாலை வேகத்தில் டாப் கியரில் 2200 முதல் 2700-க்குள் என்ஜின் நின்றால், டர்போ இல்லாத பழைய டீசலுக்கு அதுவே நல்ல பொருத்தம்.

சிலர் கியர் பாக்ஸை விட்டுவிட்டு, 4.1 போல எண் குறைந்த, பட்டறை மொழியில் 'உயரமான', கிரவுன்-பினியனைத் தேடுவார்கள். 80-க்கு 2667 வரும், கெட்ட எண் அல்ல. ஆனால் முதல் கியரும் சேர்ந்து உயர்ந்துவிடும். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் நின்று கிளம்பும்போது கிளட்ச் வாடை வரும். ஐந்து கியர் பெட்டியே மேல்.

படி 4: என்ஜினோடு பிறந்த பெட்டியைத் தேடுங்கள்

இங்கேதான் நான் பிடிவாதக்காரன். இசுசு டீசல் என்றால் அதனோடு வந்த ஐந்து கியர் பெட்டி, பெல் ஹவுசிங், பிளைவீல், கிளட்ச், செல்ஃப் மோட்டார், கியர் லீவர், பின்மவுண்ட் பிராக்கெட் எல்லாம் ஒரே வண்டியில் இருந்து ஒன்றாக வாங்குங்கள். சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் என்ஜின் தனி, பெட்டி தனி என்று விலை சொல்வார்கள். தனியாக வாங்கினால் மலிவு போலத் தெரியும். லேத் பட்டறைக் கூலியைச் சேர்த்தால் தெரியாது. இசுசு பெட்ரோல் என்ஜினோடு வந்த பெட்டியைக் காட்டி "அப்படியே உட்காரும் சார்" என்றால், பெல் ஹவுசிங்கை என்ஜினோடு வைத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

பழைய பெட்டியைப் பரிசோதிப்பது எளிது. ஆயிலைக் கொஞ்சம் வடித்து வெள்ளைத் துணியில் தேயுங்கள். பொன்னிறப் பொடி சிங்க்ரோ ரிங்கின் தேய்மானம். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. இரும்புச் சில்லு தட்டுப்பட்டால் நடையைக் கட்டுங்கள். முன் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லேசான அசைவு இயல்பு, கடகடவென்று ஆடினால் பேரிங் போயிற்று. ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றுங்கள். ஐந்தாவதில் பின் ஷாஃப்ட் பத்துச் சுற்று சுற்ற முன் ஷாஃப்ட் எட்டரை சுற்று சுற்றினால் விகிதம் 0.85. விற்பவர் சொல்லும் கணக்கைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

படி 5: வேறு பெட்டிதான் என்றால்

என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே அடாப்டர் பிளேட் எனும் இணைப்புத் தகடு போட வேண்டிவரும். கடினம் பிளேட்டை வெட்டுவதில் இல்லை, மையம் பிடிப்பதில் இருக்கிறது. கிராங்கின் மையமும் பெட்டியின் முன் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். காந்த அடியுள்ள டயல் கேஜை பிளைவீலில் ஒட்டி, முள்ளைப் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் வைத்து, கிராங்கை மெதுவாக ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். முள் காட்டும் மொத்த வித்தியாசத்தில் பாதிதான் மையத்தின் விலகல். மொத்தமே 0.15 மி.மீ.க்குள் இருக்கட்டும். "கண்ணால பார்த்தாலே தெரியும்" என்கிற லேத்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கிளட்ச் பிளேட்டின் நடு கிழிவதும், முன் பேரிங் மாறி மாறிப் போவதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பிளேட்டின் தடிமன் அளவுக்குப் பெட்டி பின்னால் தள்ளிப்போகும். அப்போது முன் ஷாஃப்டின் மூக்கு, அதைத் தாங்க கிராங்கில் உள்ள பைலட் பேரிங்கை எட்டுகிறதா, கிளட்ச் பிளேட்டின் பல் ஷாஃப்டின் பல்லில் முழுதாக அமர்கிறதா, கிளட்சை மிதிக்கும்போது அழுத்தும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டைத் தொடுகிறதா என்று மூன்றையும் பாருங்கள். பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் என்ஜினுடையதாகவும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் கியர் பாக்ஸுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் பெட்டி கேட்பவர்களுக்கு: பழைய ஆட்டோமேட்டிக்குகளில் பல, என்ஜினின் வேக்குவத்தை (காற்றை உறிஞ்சும் விசை) வைத்து கியர் மாற்றுபவை. டீசலில் அந்த வேக்குவம் இல்லை. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

படி 6: வண்டிக்குள் வைத்துப் பார்த்தல்

ஸ்டியரிங் கியர் வண்டியில் முன்னால் நீள சீட் இருக்கும். புதிய பெட்டியின் லீவர் தரையில் இருந்து எழும். இரண்டாவதும் நான்காவதும் பின்னால் இழுக்கும் கியர்கள், லீவர் நேராக சீட் விளிம்பில் இடிக்கும். தனித்தனி சீட் போடுங்கள், அல்லது லீவரை முன்னோக்கி வளையுங்கள். தரையை வெட்டுவதற்கு முன் என்ஜினை அதன் இடத்தில் தொங்கவிட்டு, ஆயில் சம்ப் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கிராஸ் மெம்பரில் (வண்டியின் குறுக்குச் சட்டம்) இடிக்காத நிலையைக் கண்டுபிடித்த பிறகே துளைக்குக் குறி போடுங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது எடுத்த அளவு தவறாகவே வரும். பெட்டிக்குள் நழுவி நுழையும் ஷாஃப்டின் வழுக்கு முனையை முழுதாக உள்ளே தள்ளி 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்த நிலையில் நீளம் எடுங்கள். வெட்டி ஒட்டிய ஷாஃப்டை பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள். பெட்டியின் வால் எத்தனை டிகிரி கீழே பார்க்கிறதோ, பினியன் முனை அதே அளவு மேலே பார்க்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யு.ஜே. கிராஸ் (ஷாஃப்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்) அதிரும்.

ஸ்பீடோமீட்டர் கேபிளுக்குப் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டி என்றால் ஆல்டர்னேட்டரோடு வேக்குவம் பம்ப்பும் வேண்டும். இது கியர் பாக்ஸ் விஷயம் இல்லைதான், ஆனால் இதை மறந்து வண்டியை வெளியே எடுப்பது ஆபத்து.

படி 7: ஆயிலும் முதல் ஓட்டமும்

பெட்டியின் கையேடு சொல்லும் ஆயிலையே ஊற்றுங்கள். டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜி.எல்.-5 தர கியர் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று இதில் ஊற்ற வேண்டாம். சில ஜி.எல்.-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும்.

ஐடிலில் கிளட்சை விட்டால் கேட்கும் லேசான கடகட சத்தம் டீசலில் சகஜம். கிளட்சை மிதித்தவுடன் அது நிற்க வேண்டும். மிதித்த பிறகு சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங்கையோ பைலட் பேரிங்கையோ பாருங்கள். 500 கி.மீ. ஓடியதும் ஆயிலை வடித்து மாற்றி, மவுண்ட் போல்ட்டுகளையும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.