ஓவன் சுடும்போது வீணாகும் யூனிட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கேக் சுடத் தொடங்கிய பிறகு மின்கட்டணம் ஏறினால் பழி முழுவதும் ஓவன் மேல் விழுகிறது. அதில் பெரும்பங்கு நம் பழக்கங்களுக்கு உரியது. 1500 வாட் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் ஒன்றரை யூனிட். ஆனால் அது விடாமல் எரிவதில்லை. குறித்த சூடு வந்ததும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், சூடேற்றும் கம்பியை அணைத்துவிடும். சூடு இறங்கினால் மீண்டும் எரியவைக்கும். ஆகவே, வீணாக வெளியேறும் சூட்டைத் தடுத்தாலே செலவு குறையும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, ஓவனைப் போட்டுவிட்டு மாவைச் சலிக்க உட்காருவது. 180 டிகிரிக்கு முன்சூடேற்ற ஓ.டி.ஜி.க்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மாவு தயாராக அரை மணி நேரம் ஆனால், மீதி நேரமெல்லாம் காலிப் பெட்டிக்குத்தான் காசு. வெண்ணெயும் சர்க்கரையும் அளந்து, மாவைச் சலித்து, தட்டில் காகிதம் விரித்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். கேக், பிஸ்கட், ரொட்டிக்கு முன்சூடு அவசியம். கத்தரிக்காய் சுடுவதற்கோ பழைய பஃப்ஸைச் சூடாக்குவதற்கோ தேவையே இல்லை.

சீக்கிரம் சூடாகட்டும் என்று குமிழை 230க்குத் திருப்புவதும் பயன் தராது. குமிழ் எங்கே இருந்தாலும் கம்பி தரும் சூடு ஒன்றுதான். எப்போது அணைய வேண்டும் என்பதை மட்டுமே குமிழ் சொல்கிறது. திருப்பிவைக்க மறந்தால் கேக்கின் மேற்புறம் கருகி, உள்ளே மாவாகவே நிற்கும்.

வெந்துவிட்டதா என்று கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சூடான காற்று வெளியேறிவிடும், கம்பி மறுபடி எரியும். கண்ணாடி வழியாகப் பாருங்கள். குச்சியால் குத்திப் பார்ப்பதைக் கடைசிச் சில நிமிடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி, பிஸ்கட் போன்றவற்றுக்கு ஐந்து நிமிடம் முன்பே அணைத்துவிடலாம், உள்ளிருக்கும் சூடே மீதியை முடித்துவிடும். பளபளக்கும் தட்டு சூட்டைத் திருப்பி அனுப்பும், கருநிறத் தட்டு வாங்கிக்கொள்ளும். கம்பித் தட்டு முழுவதும் அலுமினியத் தாளை விரித்தால் காற்றோட்டம் நின்று, வேகும் நேரம் நீளும்.

மைக்ரோவேவ் பற்றி ஒரு தவறான கணக்கும் உண்டு. அதில் 800 வாட் என்று குறிப்பிடுவது பெரும்பாலும் உணவுக்குள் போகும் திறனைத்தான். சுவரிலிருந்து இழுப்பது 1200 வாட்டை ஒட்டி இருக்கும். ஆகவே வெந்நீருக்கு மின்கெட்டில்தான் சிக்கனம். ஆனால் ஒரு தட்டுச் சோற்றைச் சூடாக்க மைக்ரோவேவுக்கு இரண்டு நிமிடம் போதும். அதாவது சுமார் 0.04 யூனிட். அதையே ஓ.டி.ஜி.யில் செய்தால் கால் யூனிட்டாவது போகும். உருளைக்கிழங்கு வேகவைக்க இரண்டுமே வேண்டாம், குக்கர் இருக்கிறது.

வாரம் ஒரு கேக், முறைக்கு ஒரு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் எட்டு ஒன்பது யூனிட், சிறிய தொகைதான். ஆனால் தமிழ்நாட்டில் 2022 கட்டண மாற்றத்தின்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். 495ல் நிற்கும் வீட்டுக்கு அந்த எட்டு யூனிட் பெரிய விஷயம். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் மீட்டரைப் பார்த்துவிட்டுச் சுடுங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பிளக். ஓவனை 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். மல்டிபிளக்கில் செருகிப் பிளக் சுடுகிறது என்றால் அங்கே மின்சாரம் வீணாவதோடு தீப்பிடிக்கவும் கூடும்.

உங்கள் ஓவன் எவ்வளவு இழுக்கிறது என்பதை மீட்டரிலேயே பார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிவப்பு விளக்கு மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே இருக்கும். 3200 என்றால், 1500 வாட் கம்பி எரியும்போது நிமிடத்துக்கு 80 முறை மின்னும். மற்றவற்றை அணைத்துவிட்டு எண்ணுங்கள். பிறகு கதவை ஒருமுறை திறந்து மூடி, மீண்டும் எண்ணிப் பாருங்கள்.