வாய்க்கா வாய்ல வெட்டிப் பாத்தா செவ்வாய் டெல்டா போட்டோ புரியும்

செவ்வாய் கிரகத்துல ஜெசெரோன்னு ஒரு பள்ளம், 45 கிலோமீட்டர் அகலம், விண்கல் விழுந்து உண்டானது. அதோட மேற்கு ஓரத்துல ஒரு ஆறு கொண்டாந்து போட்ட டெல்டா இருக்கு, வயசு 350 கோடி வருஷத்துக்கும் மேல. நாசாவோட பெர்சவரன்ஸ் ரோவர், அதாவது ஆளில்லாம ஓடுற ஆராய்ச்சி வண்டி, 2021 பிப்ரவரி 18ல அந்தப் பள்ளத்துலதான் எறங்குச்சு. அது அனுப்புன போட்டோவை நம்ம தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஆளுங்க யாரு வேணா படிக்கலாம், ஆனா முன்னாடி ஒரு தடவை மம்பட்டி புடிச்சிடுங்க.

சித்திரைல குளம் வத்திக் கெடக்கும்போது வாய்க்கா வந்து விழற எடத்துக்குப் போங்க. விசிறி மாதிரி ஒரு மண்மேடு இருக்கும், அதை தண்ணி போற திசையிலயே நீளவாக்குல முழங்கா ஆழம் வெட்டுங்க, குறுக்க வெட்டுனா சரிவு சரியா தெரியாது. வெட்டுன பக்கத்தை கொத்தனார் கரண்டியால வழிச்சு விட்டு கொஞ்ச நேரம் காய விடுங்க, மணல் சீக்கிரம் வெளுத்துடும் களி கறுப்பாவே நிக்கும், அப்பதான் கோடு கோடா எடுப்பா தெரியும். அடியில படுத்தாப்ல களி, நடுவுல குளத்துப் பக்கமா சாஞ்ச மணல், மேல திரும்ப படுத்த மண்ணு.

தண்ணி குளத்துல விழுந்ததும் வேகம் செத்துடும், மணல் அங்கயே விழுந்து சரிவுல எறங்கிடும், களி மட்டும் கலங்கலா தூரமா போய் படியும். சாஞ்ச கோடு முடிஞ்சு மேல படுத்த கோடு ஆரம்பிக்குதுல்ல, அந்த மூட்டுதான் அன்னைக்கு குளத்துல நின்ன தண்ணி மட்டம். இதை மட்டும் கெட்டியா புடிச்சுக்கோங்க.

இப்ப ரோவர் எடுத்த கோடியாக் குன்று போட்டோவைப் பாருங்க. டெல்டாவுலேர்ந்து அரிச்சுப் பிரிஞ்சு தனியா நிக்கிற மேடு அது, அதே மூணு அடுக்கு அப்படியே இருக்கும். ஜெசெரோவுக்கு கிழக்க ஒரு வடிகால் உண்டு, அப்ப ஒரு காலத்துல ஏரி ரொம்பி வழிஞ்சிருக்கு. ஆனா கோடியாக்ல சாஞ்ச கோடும் மேல படுத்த கோடும் சேர்ற அந்த மூட்டு வடிகாலை விட சுமார் 100 மீட்டர் கீழ நிக்குது, அதாவது இந்த அடுக்கு படிஞ்சப்ப ஏரி வழியவே இல்ல, வந்த தண்ணி உள்ளயே தங்கிடுச்சு. எனக்கு இதைப் பாத்தப்ப புல்லரிச்சுப் போச்சுங்க.

அப்புறம் டெல்டா ஓரத்து மேடுகளோட உச்சியைப் பாருங்க, ஒண்ணரை மீட்டர் வரைக்கும் பாறாங்கல்லு கெடக்கும். மெதுவா ஓடுற ஆறு இதை உருட்டாது, பெருவெள்ளம் வந்திருக்கு. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடம் அணை மதகையே தண்ணி அடிச்சுக்கிட்டுப் போனதை நெனச்சுக்கோங்க.

பள்ளத்தோட தரை பூரா ஏரி வண்டல்னு மட்டும் எண்ணிடாதீங்க, ரோவர் அங்க சொரண்டிப் பாத்தது உருகி ஆறுன பாறை, டெல்டா அதுக்கு மேல வந்து படிஞ்சது.

வெட்டுன குழியை மூடிட்டு வாங்க, ஆடு மாடு எறங்குற எடம்.