மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? ஒரு வாரம் பொறுங்கள்

தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் எடுத்த எடுப்பில் எந்தக் கத்தியின் பெயரையும் சொல்வதில்லை. ஒரு வாரம் சும்மா இருங்கள், 'ச்சே, கையில் ஒரு கத்தி இல்லையே' என்று எப்போதெல்லாம் தோன்றுகிறதோ அதை மட்டும் போனில் குறித்து வையுங்கள் என்பேன். என் பட்டியலில் இருந்தவை: கூரியரில் வந்த அட்டைப்பெட்டி நான்கு, ஆபீஸில் கொய்யாப்பழம் இரண்டு தடவை, தோசை மாவு பாக்கெட், புதுச் சட்டையின் விலைச்சீட்டு, லூசாகிப்போன ஒரு ஸ்க்ரூ. கரடியோடு சண்டை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்கு முன்பே நான் வாங்கி வைத்திருந்த கத்தி கரடிக்கானது.

கறுப்பு நிறம், ஆன்லைனில் தள்ளுபடியில் வந்தது, அலகு மூன்றரை மி.மீ. தடிமன். கொய்யாவில் வைத்து அழுத்தினால் வெட்டாமல் பிளந்தது, கேரட் டக்கென்று உடைந்து மேசைக்கு அடியில் ஓடியது, பக்கத்து சீட் அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கத்தி கூராகத்தான் இருந்தது. பேப்பரைக் காற்றில் பிடித்து இழுத்தால் சர்ரென்று கிழியும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். வெட்டைத் தொடங்கி வைப்பது கூர், தொடர்ந்து உள்ளே போக விடுவது அலகின் மெலிவு. கூருக்குப் பின்னால் அலகு சட்டென்று தடித்தால் அது ஆப்பு வைத்த மாதிரி இரண்டு பக்கமும் தள்ளும், பேப்பரில் அது தெரியவே தெரியாது. அதனால் இரண்டு கத்திகளை ஒப்பிடும்போது பேப்பரை விட்டுவிட்டு ஒரு ஆப்பிளோ கேரட்டோ எடுங்கள். கடையில் அது முடியாதென்றால் கத்தியை முனைப் பக்கமிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்து, முதுகிலிருந்து கூர் வரை எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். சீராக மெலிந்து வந்தால் நல்லது, பாதி தூரம் தடியாக வந்து கடைசியில் மட்டும் சரிந்தால் அது பெட்டி பிரிக்க மட்டுமே ஆகும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்து ஓப்பினெல்லை அடிக்க ஆள் இல்லை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய விவசாயிகளின் கத்தி, மரப்பிடி, இன்றைக்கும் ஏறக்குறைய அதே உருவம். எண்கள்தான் அளவு. பெரும்பாலானவர்கள் வாங்குவது 8-ஆம் நம்பர், அலகு எட்டரை செ.மீ., எடை ஏறக்குறைய 45 கிராம். தக்காளி, வெங்காயம், மாம்பழம் எல்லாம் சமையலறைக் கத்தியில் அரிகிற மாதிரியே வரும். திறந்ததும் கழுத்திலிருக்கும் உலோக வளையத்தைத் திருப்பிப் பூட்ட வேண்டும், அந்த வளையம் 1955-இல் வந்து சேர்ந்தது.

இதை கார்பன் எஃகிலும் வாங்கலாம், ஸ்டெயின்லெஸ்ஸிலும் வாங்கலாம். கார்பன் என்றால் என்ன என்று பாட்டி வீட்டு அரிவாள்மனையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: வாழைப்பூ அரிந்தால் கறுக்கும், மாங்காய் நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் கறை விழும், துடைக்காமல் போனால் காலையில் துரு. கூர் தீட்டச் சுகமானது, ஆனால் வேர்க்கிற ஊரில், அதுவும் கடலோரத்தில், பேண்ட் பாக்கெட்டில் வைக்க நான் ஸ்டெயின்லெஸ்ஸைத்தான் சொல்வேன். மரப்பிடிக்கும் ஒரு குணம் உண்டு, மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது நகத்தால் இழுத்துப் போராடாமல், பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். சவோய்க்காரர்களும் இப்படித்தான் தட்டித் திறக்கிறார்கள்.

அடுத்தது சிவப்புக் கத்தி, அதாவது விக்டோரினாக்ஸ். சுவிஸ் ராணுவத்துக்கு 1891 முதல் கத்தி கொடுத்துவரும் நிறுவனம். இதில் அலகை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, உங்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பால் பாக்கெட், நூல், மாத்திரை அட்டை என்று நிறைய இருந்தால் உங்களுக்குத் தேவை கத்தியே இல்லை, கத்தரிக்கோல். அப்படியானால் 58 மி.மீ. கிளாசிக் எஸ்டி போதும், சாவிக்கொத்தில் தொங்கும், இருப்பதே தெரியாது, ஆனால் ஆப்பிளுக்கு அலகு பத்தாது. பழமும் நறுக்க வேண்டும் கத்தரியும் வேண்டும் என்றால் 91 மி.மீ. கிளைம்பர். எனக்குப் பிடித்தது 84 மி.மீ. கேடட்: அலுமினியப் பிடி, தட்டை, ஒரு அலகு, டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், நக ராவி, அவ்வளவுதான். இரண்டு ஓப்பனர்களின் முனையும் ஸ்க்ரூ டிரைவர். எடை 50 கிராமுக்குள். சட்டைப் பாக்கெட்டில் போட்டாலும் சட்டை தொங்காது.

இதில் அலகு பூட்டாது, முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். இதை ஒரு குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. பழம் நறுக்கும்போதும் டேப் கீறும்போதும் விசை கூரின் பக்கமிருந்து வருவதால் அலகு இன்னும் திறக்கத்தான் பார்க்கும், மடங்காது. குத்தித் துளை போடும்போதுதான் மடங்கி விரலில் விழும். அந்த வேலை உங்களுக்கு உண்டென்றால் லாக் உள்ள கத்தி எடுங்கள், இல்லையென்றால் லாக்குக்காகக் கூடுதல் எடை சுமக்காதீர்கள்.

லாக் உள்ளவற்றில் அதிகம் கிடைப்பது லைனர் லாக், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகின் அடியில் வந்து முட்டி நிற்கும். மூடும்போது கட்டைவிரலை அலகு வரும் வழியிலேயே வைத்துத் தகட்டைத் தள்ள வேண்டியிருப்பது இதன் தொல்லை, புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் ரத்தம் பார்க்கிறார்கள். முதுகில் பித்தான் போல அழுத்துகிற பேக் லாக் பழையது, உறுதியானது, பக் 110 என்ற அமெரிக்கக் கத்தியால் 1964-க்குப் பிறகு பிரபலமானது, ஆனால் அந்த 110 சுமார் 200 கிராம், பித்தளையும் மரமுமாக. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பெல்ட் இல்லாமல் முடியாது. லுங்கி மடியில் செருகுவதை மறந்தே விடுங்கள்.

எந்த லாக் ஆனாலும் கடையில் இரண்டு விஷயம் பாருங்கள். திறந்து பூட்டிய பின் அலகை இடவலமாக அசைத்தால் ஆடக் கூடாது. அலகு மடங்கி வரும் வழியில் விரல்கள் இல்லாதபடி பிடியை உள்ளங்கையால் பிடித்து, அலகின் முதுகை மெதுவாக அழுத்தினால் லாக் நழுவக் கூடாது. வீடியோக்களில் காட்டுகிற மாதிரி முதுகை மேசையில் ஓங்கி அடித்துச் சோதிக்க வேண்டாம், நல்ல லாக்கும் கெட்டுப்போகும்.

எஃகின் பெயரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். சுருக்கமாக, சுவிஸ் கத்தியின் எஃகு மென்மை, சீக்கிரம் மழுங்கும், இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூராகும். டி2 என்கிற எஃகில் கூர் நாள்பட நிற்கும், ஆனால் முழு ஸ்டெயின்லெஸ் இல்லை, வேர்வையில் புள்ளி விழும். எஸ்30வி இன்னும் நாள்படும், மழுங்கினால் சாதாரணக் கல்லில் மல்லுக்கட்ட வேண்டும், வைரத்தூள் பூசிய கல் இருந்தால் நல்லது. தீட்டத் தெரியாதவர் விலை உயர்ந்த எஃகு வாங்கினால் ஆறு மாதம் கூரான கத்தியும் அதற்குப் பிறகு காலத்துக்கும் மொட்டைக் கத்தியும் வைத்திருப்பார்.

அப்புறம் சட்டம். இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதமாகக் கணக்கிடுகின்றன, வீட்டு, விவசாய வேலைக்கானவற்றுக்கு அதிலும் விலக்கு. நாம் பேசும் எதுவும் அதன் கிட்டேகூட வராது. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் போகாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற ரகம் எந்த ஊரிலும் வேண்டாம். லண்டனில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடியது லாக் ஆகாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி மட்டுமே. கேடட் தேறும், ஓப்பினெல் 8 நீளத்திலும் தோற்கும், வளையப் பூட்டிலும் தோற்கும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழம் நறுக்கினால் துடையுங்கள், கீலில் மாதம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், கார்பன் அலகென்றால் விரலில் தொட்ட தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவுங்கள். தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாளைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். அந்தச் சக்கரம் மெல்லிய அலகைச் சூடேற்றி ஒரே தடவையில் பாதியைத் தின்றுவிடும். கல் இல்லையென்றால் ஒரு பீங்கான் டீ கப்பைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் பளபளப்புப் பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும், அதுதான் கல். அலகை நிமிர்த்திப் பிடித்து, அதில் பாதி சாயுங்கள், அதிலும் பாதி சாயுங்கள், ஏறக்குறைய அதுதான் கோணம். அடியிலிருந்து முனை வரை, மெல்லிய ஒரு சீவலை வளையத்திலிருந்து சீவி எடுப்பதுபோல, பக்கத்துக்குப் பத்துத் தடவை அழுத்தாமல் இழுங்கள். வளையத்தில் சாம்பல் நிறத்தில் கோடு விழும், சபீனா போட்டுத் தேய்த்தால் போய்விடும், ஆனால் விருந்தாளிக்கு வைக்கிற கப்பாக இல்லாமல் பார்த்து எடுங்கள்.